மைனஸ் ஐந்தேகால்

ரூவியில், டயர் வாசம் அடிக்கும் கடை.
“யாருக்கு மேடம்?”
எனக்குத்தான் என்றேன்.
இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்து வைத்தான்.
பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது.
பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றினேன்.
பட்டாம்பூச்சி காணாமல் போயிற்று.

முழுமுக ஹெல்மெட் ஏற்கெனவே வைத்திருக்கிறேன்.
கண்ணாடியைப் பல்லில் கவ்விக்கொண்டு
காது மடங்காமல் தலையை நுழைத்து
அப்புறம் தபால்பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி
கண்ணாடியின் காம்புகளை உள்ளே செருக வேண்டும்.
இடது காம்பு எப்போதும் காதைத் தவறவிடும்.
அதற்குள் பெட்ரோல் பங்கில் பின்னால் நிற்கும் லேண்ட்குரூசர்
இரண்டு முறை ஹாரன் அடித்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அமராத் மலைச்சாலை இறக்கத்தில்
மூக்கில் கண்ணாடி சரிந்தது.
விரல் போகாது. வைசருக்கு உள்ளே என் முகம்
எனக்கே எட்டாத இடம்.
மேல்பாதி மலை கல்கல்லாகத் தெரிய
கீழ்ப்பாதி ஈரம் பட்ட மைக்கோடு.
சாலை இருந்தது கீழ்ப்பாதியில்.

ஆகவே, தாடை திறக்கிற ஹெல்மெட்.

முதலாவதில் தலை சுகமாகப் போனது.
தாடையைத் தூக்கிவிட்டு
குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்பவள் போல
நிதானமாகக் கண்ணாடியை மாட்டினேன்.
சிரிப்புகூட வந்தது.
பையன் பக்கத்துப் பொத்தானைத் தள்ளினான்.
உள்ளேயிருந்து கறுப்புத் திரை சரேலென இறங்கி
லென்ஸின் நெற்றியில்
டக்.
வெயில் தடுக்கத்தான் மேடம் அது என்றான்.
தடுத்தது.

இரண்டாவதைக் கால் மணி நேரம் போட்டுப் பார்க்கிறேன் என்று
ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.
கடை ஏசியில், ஹெல்மெட்டோடு, கைப்பையை மடியில் வைத்து.
ஆபீசிலிருந்து லோபோ கூப்பிட்டார்.
தாடையைத் தூக்கி
காலாண்டு வரிக்கணக்கில் டைல்ஸ் கன்டெய்னர் இரண்டு
எங்கே விடுபட்டன என்று விளக்கினேன்.
குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார்.
ஒன்பதாம் நிமிடம் பொட்டு இரண்டும் துடிக்க ஆரம்பித்தன.
கன்னத்துப் பஞ்சு காம்பை அமுக்க
காம்பு என்னை அமுக்கியது.

கல்லாவிலிருந்து தாத் கரீம் எழுந்து வந்தார்.
கடைக்காரர், தொப்பிக்குக் கீழே
அவருக்கும் தடித்த கண்ணாடி.
பாதி இந்தி, பாதி அரபி, மிச்சம் கை:
“பூட்டைப் பார். பிளாஸ்டிக் என்றால் வேண்டாம், இரும்பு என்றால் எடு.
மூடும்போது இரண்டு பக்கமும் சத்தம் கேட்கணும்.
ஒரு சத்தம் மட்டும் கேட்டால் அது தொப்பி.”

மூன்றாவது கறுப்பு. கொஞ்சம் கனம்.
கன்னப் பஞ்சில் காம்புக்கென்று ஒரு பள்ளம்,
யாரோ எங்கோ எங்களையும் நினைத்திருக்கிறார்கள்.
திரை இறங்கி, லென்ஸைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நின்றது.
மூக்குத்தியில் உரசவில்லை.
தலையை உலுக்கினேன், குனிந்தேன், கொட்டாவி விட்டேன்.
சுவரில் இருந்த விலைப்பட்டியலின் கடைசி வரி வரை வாசித்தேன்.
அறுபத்தெட்டு ரியால்.
கணக்குதான் என் பிழைப்பு, ஆனால்
ரியாலை ரூபாயாக்கிப் பார்ப்பதைப் போன வருடமே விட்டாயிற்று.
பார்த்தால் இங்கே டீ குடிக்க முடியாது.

கதவைத் திறந்தேன்.
ஜூன் மாதம், மாலை ஆறரை.
கடலிலிருந்து ஏறி வந்த ஈரம்
ஒரே மூச்சில் லென்ஸை மூடியது, வைசரையும் மூடியது.
இரண்டு அடுக்கு வெள்ளை.
இதற்கு எந்தக் கம்பெனியும் பள்ளம் வெட்டித் தருவதில்லை.

தாடையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையோரம் நின்றேன்.
அவசரப்பட்டுத் துடைத்தால் கறையாகும்.
முதலில் பச்சையாக ஏதோ வந்தது,
பிறகு அது மருந்துக்கடை ஆனது,
பிறகு அரபி எழுத்துகளின் புள்ளிகள், ஒவ்வொன்றாக.
எதிர் மாடியில் ஒருவர் காயும் துணிகளுக்கு நடுவே நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் பார்த்தேன். சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது.

தாடையை இறக்கினேன்.
இடது, கிளிக்.
வலது, கிளிக்.
கியர் போட்டேன். வண்டி அணைந்துவிட்டது.

சைடு ஸ்டாண்ட்.